15 கருமுட்டைகள், இரண்டு முறைகள்: ஐ.வி.எஃப்.பும் இக்சியும் ஒரே தம்பதியிடம்

கொங்குப் பகுதியில் இருக்கும் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் எம்பிரியாலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். கருமுட்டையை உடலிலிருந்து எடுத்த நிமிடம் முதல், கரு திரும்பக் கருப்பைக்குள் போகும் நிமிடம் வரை அது எங்கள் பொறுப்பு. ஒரே பெண்ணிடம் ஒரே நாளில் எடுத்த முட்டைகளில் ஒரு பங்கைச் சாதாரண ஐ.வி.எஃப். முறையிலும் (ஆய்வகத் தட்டில் விந்தணு தானாக முட்டைக்குள் நுழைய விடுவது) மறு பங்கை இக்சி முறையிலும் (ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் வைப்பது) கருவுறச் செய்த ஒரு நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். தம்பதியின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

சிகிச்சை பெரும்பாலும் சரியாகவே நடந்தது. தவறியது நாங்கள் முடிவுகளைச் சொன்ன விதம். ஒரு சதவீதக் கணக்கை அரைகுறையாகச் சொன்னதால் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சக ஆய்வகத்தினரும் சிகிச்சைக்குப் போகும் தம்பதிகளும் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

## பின்னணி

பெண்ணுக்கு 31 வயது, கணவருக்கு 35. திருமணமாகி ஆறு ஆண்டுகள். மாதவிடாய் ஒழுங்காக வந்தது, கருக்குழாய்கள் இரண்டும் திறந்திருந்தன, சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் அளவு 3.1. கணவரின் விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 3 கோடியே 40 லட்சம் விந்தணுக்கள், அசைவு 48 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 36 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லைகள் முறையே 1 கோடியே 60 லட்சம், 42, 30, 4. மற்றவை வசதியாகத் தேறுகின்றன, வடிவம் மட்டும் சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது.

வேறிடத்தில் மூன்று முறை ஐ.யு.ஐ. (சுத்தம் செய்த விந்தணுக்களை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்து பலனில்லை. காரணம் தெரியாத குழந்தையின்மை என்று கோப்பில் எழுதியிருந்தது. இந்தச் சொல் மருத்துவர்களுக்கு ஒரு வகைப்பாடு. வீட்டிலோ காரணம் தெரியவில்லை என்றால் காரணம் பெண்தான் என்று முடிந்துவிடுகிறது. ஆறு வருடமாக அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். நகையை அடகு வைத்துத்தான் எங்கள் மையத்துக்கு வந்தார்கள்.

## எந்த முறை என்ற கேள்வி

இரண்டு முறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஐ.வி.எஃப்.பில் முட்டையைச் சுற்றியுள்ள செல் கூட்டத்தோடு அதை ஒரு தட்டில் வைத்து, சுத்தம் செய்த விந்தணுக்களை மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் என்ற அளவில் விடுகிறோம். எந்த விந்தணு உள்ளே போகும் என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை. இக்சியில் அந்தச் செல் கூட்டத்தை முதலில் நீக்கி, முதிர்ந்த முட்டைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நாங்கள் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு விந்தணுவை மெல்லிய கண்ணாடி ஊசியால் வைக்கிறோம். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உருவாகி 1992-இல் வெளியான முறை இது. விந்தணு மிகக் குறைவாக உள்ள ஆண்களும் தங்கள் சொந்தக் குழந்தையைப் பெற வழி திறந்தது அதனால்தான். அவர்களுக்கு இக்சிக்கு மாற்றே கிடையாது.

விந்தணு நன்றாக இருக்கும் தம்பதிகளுக்கும் இக்சி தேவையா என்பதுதான் கேள்வி. பல மையங்களில் இன்று எல்லாருக்கும் இக்சி என்பதே வழக்கமாகிவிட்டது. எங்கள் மையமும் பெரும்பாலும் அப்படித்தான். அதற்குப் பின்னால் உண்மையான ஒரு பயம் இருக்கிறது. சாதாரண ஐ.வி.எஃப்.பில் சில தம்பதிகளுக்கு ஒரு முட்டைகூடக் கருவுறாமல் போய்விடும். அதை முன்கூட்டியே சொல்ல நம்பகமான சோதனை இல்லை. மறுநாள் காலை தட்டைப் பார்த்துத்தான் தெரியும். 12 நாள் ஊசி போட்டு, மயக்க மருந்து கொடுத்து முட்டை எடுத்த ஒரு பெண்ணிடம் "ஒன்றுமே கருவாகவில்லை" என்று சொல்லும் காலையை நான் அனுபவித்திருக்கிறேன். அதனால் அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஆய்வுகள் வேறு படத்தைக் காட்டுகின்றன. ஆண் தரப்பில் குறை இல்லாத 415 தம்பதிகளை வைத்துப் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2001-இல் லான்செட் இதழில் வெளியானது. அதில் கருப்பைக்குள் வைத்த கருக்களில் ஐ.வி.எஃப். பக்கம் 30 சதவீதம் ஒட்டிக்கொண்டன, இக்சி பக்கம் 22 சதவீதம். 2021-இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரிலிருந்து வந்த ஆய்வில் 1,064 தம்பதிகள். முதல் டிரான்ஸ்ஃபருக்குப் பின், அதாவது கருவை முதல் முறை கருப்பைக்குள் வைத்த பின், குழந்தை பிறந்தது இக்சியில் 35 சதவீதம், ஐ.வி.எஃப்.பில் 31 சதவீதம். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் இது. 2024-இல் சீனாவில் விந்தணுக் குறை கடுமையாக இல்லாத 2,387 தம்பதிகளிடம் பார்த்தபோது குழந்தை பிறந்தது இக்சியில் 33.8 சதவீதம், ஐ.வி.எஃப்.பில் 36.6 சதவீதம். எந்த ஆய்விலும் இக்சி தெளிவாக முன்னே போகவில்லை.

எங்கள் குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. மூன்று ஐ.யு.ஐ. தோற்றிருப்பதாலும் வடிவம் எல்லைக்கோட்டில் இருப்பதாலும் அனைத்து முட்டைகளுக்கும் இக்சி என்றார் மூத்த மருத்துவர். "ஒண்ணுமே கருவாகலைன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார். வடிவம் 4 சதவீதம் என்பதை மட்டும் வைத்து இக்சி தேவை என்று சொல்ல முடியாது என்றேன் நான். கடைசியில் முட்டைகளைப் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. ஒரு பக்கம் முழுக்கத் தோற்றாலும் மறுபக்கம் கைகொடுக்கும். அதோடு, இந்தத் தம்பதியின் விந்தணு தானாகவே முட்டைக்குள் போகிறதா என்பதும் தெரிந்துவிடும். காரணம் தெரியாத குழந்தையின்மையில் அது பயனுள்ள தகவல்.

தம்பதியிடம் விளக்கினோம். கணவர் முதலில் கேட்டது, "ரெண்டு முறைன்னா ரெண்டுக்கும் தனித்தனியா காசு கட்டணுமுங்களா?" என்றுதான். இக்சிக்கான கட்டணம் மட்டும் வரும், அதற்கு மேல் இல்லை என்று மையம் ஒப்புக்கொண்டது. எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கினோம். 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் சம்மதப் படிவத்தில் ஒன்று இல்லை. இரண்டு பக்கமும் வரும் முடிவுகளை எப்படிக் கணக்கிட்டுச் சொல்வோம் என்று நாங்கள் எழுதவில்லை. பின்னால் வந்த குழப்பத்துக்கு வேர் அங்கேதான்.

## முட்டை எடுத்த நாள்

முந்தைய நாளுக்கு முந்தைய இரவு 9.30-க்கு, முட்டைகளைக் கடைசியாக முதிர வைக்கும் டிரிகர் ஊசி. காலை 9 மணிக்கு முட்டை எடுப்பு. மொத்தம் 15 கிடைத்தன, வலது சினைப்பையில் 9, இடதில் 6. முதலில் வந்த எட்டையும் ஐ.வி.எஃப்.புக்கும் பிறகு வந்த ஏழையும் இக்சிக்கும் ஒதுக்கினேன். அன்றைக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் சரியான பிரிப்பு ஆகாது. ஐ.வி.எஃப். தட்டில் இருந்தவை அத்தனையும் வலது பக்கத்து முட்டைகள், இக்சி பக்கம் பெரும்பாலும் இடது. இரண்டு சினைப்பைகளிலும் முட்டைப்பைகள் ஒரே அளவில் வளர்வதில்லை என்பதால், ஒன்று மாற்றி ஒன்றாகப் பிரித்திருக்க வேண்டும்.

மதியம் ஒரு மணிக்கு ஐ.வி.எஃப். தட்டில் விந்தணுக்களை விட்டேன். இக்சி பக்கத்து ஏழு முட்டைகளின் செல் கூட்டத்தை நீக்கிப் பார்த்தபோது ஐந்துதான் முழுதாக முதிர்ந்திருந்தன. ஒன்று பாதி முதிர்ச்சி, ஒன்று முதிராதது. ஐந்துக்கும் 2 மணியளவில் ஊசி போட்டு முடித்தேன். போலார் பாடி (முட்டையின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சிறு செல்) கடிகாரத்தின் 12 அல்லது 6 மணி இடத்தில் வருமாறு முட்டையைத் திருப்பிப் பிடித்து 3 மணி இடத்தில் ஊசியை நுழைப்போம். போலார் பாடிக்குப் பக்கத்தில்தான் குரோமோசோம்கள் இருக்கும், அவற்றை ஊசி தொடக்கூடாது. ஒரு முட்டையின் சவ்வு ஊசி போகும்போதே சட்டென்று கிழிந்தது. அது பிழைக்காது என்று அப்போதே தோன்றியது.

## மறுநாள் காலை

காலை 7 மணிக்குப் பார்த்தேன். இக்சி பக்கம்: ஊசி போட்ட ஐந்தில் நான்கில் இரண்டு புரோநியூக்ளியஸ் (முட்டையிலிருந்து ஒன்றும் விந்தணுவிலிருந்து ஒன்றுமாக வரும் உட்கருக்கள்) தெளிவாக இருந்தன, அதாவது சரியாகக் கருவுற்றவை. சவ்வு கிழிந்தது சிதைந்துவிட்டது.

ஐ.வி.எஃப். பக்கம்: எட்டில் ஐந்து சரியாகக் கருவுற்றிருந்தன. ஒன்றில் மூன்று புரோநியூக்ளியஸ். சாதாரண ஐ.வி.எஃப்.பில் இது பெரும்பாலும் இரண்டு விந்தணுக்கள் நுழைந்ததால் வருவது, அதைப் பயன்படுத்த மாட்டோம். ஒன்று முதிர்ந்திருந்தும் கருவுறவில்லை. ஒன்று முதிராத முட்டை.

விந்தணு தானாகப் போகிறதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எட்டில் ஆறுக்குள் போயிருக்கிறது, ஒன்றில் கூடுதலாகவே போயிருக்கிறது. நான் மகிழ்ந்தேன். தினசரி அறிக்கையில் வழக்கப்படி எழுதினேன்: இக்சி 4/5, 80 சதவீதம், ஐ.வி.எஃப். 5/8, 63 சதவீதம்.

அந்த அறிக்கையைப் பார்த்து எங்கள் ஆலோசகர் தம்பதியைத் தொலைபேசியில் அழைத்தார். "இக்சியில நல்லா வந்திருக்குங்க, 80 சதவீதம். சாதாரண முறையில கொஞ்சம் கம்மி, 63. நல்லவேளை இக்சி பண்ணோம்" என்றார். அவர் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். என் அறிக்கையைப் படித்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

## மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் கருக்களைப் பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்தபோது கணவர் தனியாக நின்றிருந்தார். விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"மேடம், இக்சியில 80, சாதாரணத்துல 63னு சொன்னாங்க. அப்ப என்னுதுக்குத் தானா உள்ள போகத் தெரியலைங்களா?"

வீட்டில் அந்தப் போன் பேச்சு ஸ்பீக்கரில் ஓடியிருக்கிறது. அவருடைய அம்மா, அத்தை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அன்று மாலைக்குள் குறை அவரிடம்தான் என்று பேச்சு திரும்பிவிட்டது. பின்னொரு நாள் அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "ஆறு வருஷம் என்னையச் சொன்னாங்க. இப்ப அவரைச் சொல்றாங்க. எனக்கு அதுல சந்தோஷம் ஒண்ணும் இல்லீங்க மேடம்."

அன்று கணவரை உட்கார வைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். இக்சி பக்கம் ஏழு முட்டைகள் எடுத்தோம். அதில் முதிராத இரண்டை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதி ஐந்தை வைத்து வகுத்தோம், அதனால் 80 வந்தது. ஐ.வி.எஃப். பக்கம் முட்டைகளை மூடிய செல் கூட்டத்தோடு வைத்ததால் எது முதிர்ந்தது என்று அப்போது தெரியாது. முதிராததையும் சேர்த்து எட்டால் வகுத்தோம், 63 வந்தது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைப்போம். எடுத்த முட்டைகள் அனைத்தையும் வைத்து வகுத்தால் இக்சி ஏழுக்கு நான்கு, அதாவது 57 சதவீதம். ஐ.வி.எஃப். எட்டுக்கு ஐந்து, அதே 63. வரிசையே மாறிவிடுகிறது. முதிர்ந்தவற்றை மட்டும் வைத்து வகுத்தால் இக்சி 80, ஐ.வி.எஃப். ஏழுக்கு ஐந்து, 71. இத்தனை சிறிய எண்ணிக்கையில் ஒரே ஒரு முட்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

"உங்க விந்தணு ஆறு முட்டைக்குள்ள தானாப் போயிருக்கு. சந்தேகம் இருந்ததே அதுலதான். அது தீர்ந்துபோச்சு" என்றேன்.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் காட்ட வேண்டும் என்றார்.

அன்று கருக்களின் நிலை இப்படி இருந்தது. இக்சி பக்கம் நான்கில் இரண்டு எட்டுச் செல், ஒன்று ஏழு, ஒன்று ஆறு, அந்த ஆறு செல் கருவில் சிதறிய செல் துணுக்குகள் சற்று அதிகம். ஐ.வி.எஃப். பக்கம் ஐந்தில் இரண்டு எட்டுச் செல், ஏழு, ஆறு, நான்கு என ஒவ்வொன்று. நான்கு செல்லில் நின்றது அதற்கு மேல் வளராது என்று தெரிந்தது.

## ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும்

ஐந்தாம் நாள் காலை 9 மணிக்கு இக்சி பக்கத்து ஒரு கரு நன்றாக விரிந்த பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே நீர்க்குழி விட்டு, கருப்பையில் ஒட்டத் தயாராகும் நிலை) ஆகியிருந்தது. 4 ஏ-பி என்று தரமிட்டேன். எண் விரிவைக் காட்டும், எழுத்துகளில் பி-யை விட ஏ மேல். முதல் எழுத்து குழந்தையாக வளரப்போகும் உட்செல் கூட்டத்துக்கு, அடுத்தது நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச்சுவருக்கு. அன்று அழகான கரு என்றால் அதுதான். இன்னொரு இக்சி கரு மாலைக்குள் 3 பி-பி ஆனது. மீதி இரண்டும் நின்றுவிட்டன.

ஐ.வி.எஃப். பக்கம் காலையில் மந்தமாகத் தெரிந்தது. ஒன்று 3 பி-பி, ஒன்று அப்போதுதான் குழி விடத் தொடங்கியிருந்தது, மற்றவை பின்தங்கியவை. மாலையில் முதலாவது 4 பி-பி ஆனது. இரண்டாவது மறுநாள் காலை, அதாவது ஆறாம் நாள், 4 பி-பி ஆனது. ஆக இரண்டு பக்கமும் உறைய வைக்கத் தகுந்தவை இரண்டிரண்டு.

காலை நேரத்துத் தரவரிசையை மட்டும் பார்த்தவர்கள் இக்சி கருக்கள் மேல் என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் ஆய்வகத்திலும் ஒருவர் சொன்னார். இங்கே நேரக் கணக்கைக் கவனிக்க வேண்டும். இக்சியில் விந்தணுவை நாங்களே உள்ளே கொண்டுபோய் வைக்கிறோம். ஐ.வி.எஃப்.பில் அது செல் கூட்டத்தையும் முட்டையின் தடித்த உறையையும் தானே தாண்டிப் போக வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். கருவின் கடிகாரமே தாமதமாகத் தொடங்குகிறது. கேமரா பொருத்திய இன்குபேட்டர்களில் நடந்த ஆய்வுகளிலும் ஐ.வி.எஃப். கருக்கள் முதல் பிரிவுகளில் சற்றுப் பின்தங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். புரோநியூக்ளியஸ் மறையும் நேரத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால் அந்த வித்தியாசம் போய்விடுகிறது. எங்களிடம் அந்த வகை இன்குபேட்டர் இல்லை. அதனால் தரமிடும்போது இதை மனதில் வைப்பது இன்னும் முக்கியம். ஆனால் ஆறாம் நாள் வரை இழுத்த கருவுக்கு முழுக் காரணமும் இந்தச் சில மணி நேரம்தான் என்று சொல்ல மாட்டேன். சில கருக்கள் இயல்பாகவே மெதுவானவை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். தரமிட்டவள் நானே, எந்தத் தட்டு எந்த முறை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு தரமிட்டால் கண் ஒரு பக்கம் சாயும். என் கண் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அது பதிவில் தெரியாது.

டிரிகர் நாளில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் 1.9 என்று உயர்ந்திருந்தது. அந்த அளவில் கருப்பையின் உட்சுவர் முன்கூட்டியே மாறிவிடக்கூடும் என்பதால், அந்தச் சுழற்சியில் டிரான்ஸ்ஃபர் செய்யாமல் நான்கையும் உறைய வைத்தோம்.

## முதல் டிரான்ஸ்ஃபர்

இரண்டு மாதம் கழித்து இக்சி பக்கத்து 4 ஏ-பி கருவை உருக்கி வைத்தோம். தேர்வுக்குக் காரணம் அதன் தரமும் ஐந்தாம் நாள் காலையிலேயே அந்த நிலைக்கு வந்ததும்தான். ஒரே கரு வைப்பது என்பதில் குழு முழுவதும் ஒரே கருத்து. அந்த வயதில், அந்தத் தரத்தில் இரண்டு வைத்தால் இரட்டைக் குழந்தை, குறைப்பிரசவம் என்று ஆபத்துதான் கூடும்.

கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். ஆறரை வாரத்தில் இதயத் துடிப்பு பார்த்தார்கள். அன்று அந்தப் பெண் ஆய்வகக் கதவு வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், எதுவும் பேசவில்லை.

எட்டாம் வார ஸ்கேனில் துடிப்பு இல்லை.

கருப்பையைச் சுத்தம் செய்தபோது திசுவைக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பலாமா என்று கேட்டோம். கூடுதல் செலவு. யோசித்து, சரி என்றார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் வீட்டில் பேச்சு மறுபடி மாறியிருந்தது. ஊசி வைத்து உள்ளே தள்ளிய கரு எப்படி நிற்கும் என்று மாமியார் சொன்னாராம். முதலில் இக்சி இல்லாமல் மகனுக்கு வழியில்லை என்று பேசியவர்கள், இப்போது இக்சிதான் கருவைக் கெடுத்தது என்றார்கள். நல்லவேளை இக்சி பண்ணோம் என்று நாங்கள் சொன்ன வார்த்தைதான் இப்படித் திரும்பி வந்தது.

சோதனை முடிவு: 16-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. கருச்சிதைவுகளில் மிக அதிகமாகப் பார்க்கப்படும் டிரைசோமி இதுதான். ஏறத்தாழ எப்போதும் இந்தப் பிழை, முட்டை தன் குரோமோசோம்களைப் பாதியாக்கும் முதல் பிரிவில் நடக்கிறது. அந்தப் பிரிவு அந்தப் பெண் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே தொடங்கி, இத்தனை வருடம் பாதியில் நின்று, டிரிகர் ஊசிக்குப் பிறகு முடிந்தது. அப்படியானால் நான் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, எந்த விந்தணுவும் அதன் அருகில் வருவதற்கு முன்பே அந்த முட்டையில் அது நடந்து முடிந்திருக்கும். எந்த முறையில் கருவுறச் செய்திருந்தாலும் அந்த முட்டை அதே முட்டைதான். வெளியிலிருந்து பார்க்க அது எங்களிடம் இருந்த மிக அழகான கரு. 4 ஏ-பி என்ற தரம் குரோமோசோமைக் காட்டாது.

இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருந்தது. முட்டையில் நடந்த பிழை என்றால், பழி மறுபடி அந்தப் பெண்ணிடமே போய் நிற்கும். மூத்த மருத்துவரும் நானும் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, மாமியாரையும் வரச் சொல்லி, ஒன்றாகவே பேசினோம். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் இப்படிக் குரோமோசோம் கணக்கு தவறியவை, எந்தப் பெண்ணின் எந்த முட்டையிலும் நடக்கக்கூடியது, யாரும் எதையும் செய்ததால் வந்ததில்லை என்று மருத்துவர் சொன்னார். மாமியார் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ரெண்டு கலைஞ்சுதுங்க. அப்ப யாரு இதெல்லாம் சொன்னாங்க" என்றார்.

## இரண்டாம் டிரான்ஸ்ஃபர்

அடுத்து எந்தக் கரு என்ற கேள்வி வந்தபோது, சாதாரண முறைக் கருவையே வைக்கும்படி கணவர் கேட்டார். எங்கள் வரிசைப்படியும் அடுத்தது ஐ.வி.எஃப். பக்கத்து ஐந்தாம் நாள் 4 பி-பி தான், இக்சியின் 3 பி-பியை விட அது விரிந்திருந்தது. இருந்தாலும் கோப்பில் தனியாக எழுதினேன்: தேர்வு விரிவும் நாளும் பார்த்துச் செய்யப்பட்டது, கருவுறச் செய்த முறை பார்த்து அல்ல. தம்பதியிடமும் அதையே சொன்னேன். இந்தக் கரு நின்றால் ஐ.வி.எஃப். வென்றது என்றோ, நிற்காவிட்டால் தோற்றது என்றோ அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கவலை.

நின்றது. 38-ஆம் வாரத்தில் சிசேரியனில் 2.8 கிலோவில் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

## இந்த நிகழ்வு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை

15 முட்டைகள், நான்கு பிளாஸ்டோசிஸ்ட், இரண்டு டிரான்ஸ்ஃபர். இதை வைத்து எந்த முறை மேல் என்று யாரும் சொல்ல முடியாது. ஐ.வி.எஃப். கருவில் குழந்தை பிறந்ததும் இக்சி கரு கலைந்ததும் முறைகளின் வெற்றி தோல்வி கிடையாது. அதற்கு ஆயிரக்கணக்கான தம்பதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் வேண்டும், அவற்றைத்தான் முன்னே சொன்னேன்.

இந்தத் தம்பதிக்கு அது காட்டியது, அவர்களின் விந்தணுவும் முட்டையும் தாமாகவே சேர முடிகிறது என்பது. மறுபடி ஒரு சுழற்சி தேவைப்பட்டால் முழுவதும் ஐ.வி.எஃப்.பிலேயே செய்யலாம் என்று இப்போது துணிவாகச் சொல்ல முடியும். மூத்த மருத்துவரும் இதில் என்னோடு உடன்படுகிறார். ஆனால் வேறொரு தம்பதிக்கு, முந்தைய சுழற்சியில் ஒரு முட்டைகூடக் கருவுறாதவர்களுக்கு, நான் யோசிக்காமல் இக்சிதான் சொல்வேன்.

## நாங்கள் மாற்றியவை

கருவுறுதல் அறிக்கையில் இப்போது இரண்டு முறைக்கும் ஒரே வகுக்கும் எண்தான்: எடுத்த மொத்த முட்டைகள். முதிர்ந்தவற்றை வைத்த கணக்கு அதன் கீழே, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வரும். தம்பதியிடம் சதவீதம் சொல்வதையே நிறுத்திவிட்டோம். எட்டில் ஐந்து, ஏழில் நான்கு என்று எண்ணிக்கையாகச் சொல்கிறோம். எண்ணிக்கை சிறியது என்பது அப்போது கேட்பவர்களுக்கே தெரிகிறது. முதல் நாள் அழைப்பை ஆலோசகருக்குப் பதில் எம்பிரியாலஜிஸ்ட் செய்கிறோம். யார் பக்கத்தில் இருக்கிறார்கள், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறேன்.

முட்டைகளை இப்போது ஒன்று மாற்றி ஒன்றாகப் பிரிக்கிறோம். தரமிடுபவருக்கு முறை தெரியாதபடி தட்டில் எண் மட்டும் ஒட்டுகிறோம். ஆய்வகத்தில் இருப்பதே மூன்று பேர் என்பதால் இது எல்லா நாளும் முடிவதில்லை. முடியாத நாளில், முறை தெரிந்து தரமிடப்பட்டது என்று கோப்பில் எழுதிவிடுகிறோம்.

எல்லாருக்கும் இக்சி என்ற வழக்கம் எங்கள் மையத்தில் இன்னும் முழுதாக மாறவில்லை. விந்தணு நன்றாக உள்ள தம்பதிகளுக்குச் சாதாரண ஐ.வி.எஃப். ஒரு தெரிவாகச் சம்மதப் படிவத்தில் இடம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

மீதி இரண்டு கருக்களும் திரவ நைட்ரஜனில் இருக்கின்றன. சட்டப்படி அதிகபட்சம் பத்து ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஒன்று இக்சி, ஐந்தாம் நாள் 3 பி-பி. இன்னொன்று ஐ.வி.எஃப்., ஆறாம் நாள் 4 பி-பி. குழந்தைக்கு இரண்டு வயதாகட்டும், அப்புறம் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்போது எதை முதலில் வைப்பீர்கள் என்று கணவர் கேட்டார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அன்றைக்கு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யலாம் என்று சொன்னேன். சரிங்க மேடம் என்றார்.